கமராவைத் தலைகீழாகப் பிடித்தவன்: மட்டக்களப்பில் ஐந்து நாள்

18 ஜூலை 2024, வியாழன் – ரயிலில்

இந்தப் பயணத்துக்கு ஒரு கெடு இருந்தது. கொழும்பில் ஒருவரிடம் பாவித்த லென்ஸ் ஒன்றை 58,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். “செவ்வாய்க்கிழமை வரை வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கொண்டுவந்து தந்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். இந்தக் காலத்தில் இப்படிச் சொல்பவரைக் கும்பிடுவதா, சந்தேகிப்பதா? நான் இரண்டையும் செய்தேன். பெரியம்மாவைப் பார்த்து மூன்று வருடமாகிவிட்டதால் மட்டக்களப்புப் பயணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வழக்கமாகத் தோளை இழுக்கும் எண்ணூறு கிராம் சூம் லென்ஸை வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் பூட்டிவிட்டு, இந்தக் குட்டி 40 மி.மீ. எஃப் 2 லென்ஸுடன் மட்டும் ரயிலேறினேன்.

எந்தக் கம்பெனி லென்ஸ் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் கமராக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மட்டக்களப்பை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். எடை 170 கிராம், நல்ல கொய்யாப்பழம் ஒன்றின் பாரம். உள்ளே நான்கு தொகுதிகளாக ஆறு கண்ணாடிகள். ஒளி புகும் துவாரத்துக்கு ஒன்பது இதழ்கள். எஃப் எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். 29 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். நாற்பது என்பது குவியத்தூரம்; அது குறைந்தால் காட்சி அகலும், கூடினால் நெருங்கும். இந்த நாற்பது பலருக்கு ஒவ்வாது, முப்பத்தைந்திலும் சேராமல் ஐம்பதிலும் சேராமல் நடுவில் நிற்கிறது என்பார்கள். கமராவுக்குள் படம் விழும் 36க்கு 24 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டமோ 43 மி.மீ. சொச்சம். குவியத்தூரம் அதற்குக் கிட்ட இருந்தால் படத்தில் அகலமும் துருத்தாது, நெருக்கமும் துருத்தாது என்பது பழைய கணக்கு. சின்ன லென்ஸ் என்று இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1902இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் பவுல் ருடால்ஃப் உருவாக்கிய டெசார் லென்ஸில் இருந்தவை நான்கே கண்ணாடிகள். அதைக் ‘கழுகுக் கண்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள்.

வெலிக்கந்தை தாண்டியதும் இறால் வடைக்காரர் ஏறினார். ஒரு வடை 100 ரூபாய். பள்ளிப் பிள்ளையின் கொப்பித் தாளில் சுற்றித் தந்தார். யன்னல் வெளிச்சம் கூடையின் மேல் சரியாக விழுந்தது. “எடுக்கட்டுமா அண்ணன்?” என்று கேட்டேன். “எடுங்கள், இறால் தெரிய வேண்டும்” என்றார். எஃப் 2இல் ஒரு படம், அவ்வளவுதான். ரயில் குலுங்கியது, அவரும் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பிறகு பெருக்கிப் பார்த்தபோது தாளில் இருந்த கழித்தல் கணக்கும், ஆசிரியர் சிவப்புப் பேனாவால் போட்ட சரி அடையாளமும், மை ஊறிய இழையும் தெரிந்தன. மிகவும் மகிழ்ந்துபோனேன்.

புணானை, வாழைச்சேனை, ஏறாவூர். மட்டக்களப்பில் இறங்கும்போது சட்டை புழுதியில் பழுப்பாகியிருந்தது. கல்லடியில் பெரியம்மா வாசலிலேயே நின்றார். “வா மனே” என்றார். அந்தச் சொல்லை இந்த ஊருக்கு வெளியே நான் எங்கும் கேட்டதில்லை. கமராவைப் பார்த்துவிட்டு, “முந்தி பெரிதாக ஒன்று வைத்திருந்தாயே, விற்றுவிட்டாயா? காசு கஷ்டமா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

19 ஜூலை, வெள்ளி – கல்லடிக் கடற்கரை, காத்தான்குடி

விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறுகளிலும் ஆட்கள், மெல்ல மெல்லப் பின்னால் நடந்து, கயிற்றின் கடைசிக்கு வந்ததும் விட்டுவிட்டு மறுபடி தண்ணீரோரம் போய்ப் பிடிக்கிறார்கள். ஓட்டோ ஃபோகஸைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது: ஆள் வருவான், போவான், குனிவான், முகத்துக்கு முன்னால் ஈரக்கயிறு குறுக்கே ஆடும்.

முகத்தைத் தேடிப்பிடிக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு தொடர் ஃபோகஸில் சுட்டேன். நேராக நடந்து வருபவரை லென்ஸ் விடாமல் பிடித்தது. மோட்டார் சத்தம் கேட்கவில்லை; அலைச் சத்தத்தில் ட்ராக்டர் வந்தாலும் கேட்காது என்பது வேறு விஷயம். மீன் சேரும் வலை மடி கரைக்கு வந்து, வலையைத் தூக்கி உதறத் தொடங்கியபோதுதான் தடுமாறியது. வலைக்கண்களுக்குப் பின்னால் முகம் இருந்தால் பாதிப் படங்களில் வலைதான் கூர்மை. அது லென்ஸின் பிழையா, கமராவின் மூளையின் பிழையா? மூளையின் பிழை என்றே நினைக்கிறேன். லென்ஸ் சொன்ன இடத்துக்கு ஓடிப்போகிறது. எங்கே போ என்று சொல்பவன் தவறாகச் சொல்கிறான்.

மனிதர்களிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. பெரிய லென்ஸுடன் முன்பு இதே கரைக்கு வந்தபோது “எந்த டிவி?” என்று கேட்டார்கள், சிலர் முகத்தைத் திருப்பினார்கள். இம்முறை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. முதியவர் ஒருவர் மட்டும், “தம்பி, சும்மாதானே நிற்கிறீர்கள், கயிற்றில் ஒரு கை போடுங்கள்” என்றார். போட்டேன். உள்ளங்கை உரிந்தது. போகும்போது ஒரு பையில் சூடை மீன் அள்ளித் தந்து காசு வாங்க மறுத்துவிட்டார். பெரியம்மா அதைப் பொரித்துப் பிட்டுடன் தந்தார். காலைச் சாப்பாட்டுக்கு அப்படியொரு மீன் பிட்டைக் கொழும்பில் 1,200 ரூபாய் சொல்வார்கள், ருசியும் இராது.

பத்து மணிக்குப் பிறகு கச்சான் காற்று. ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வரும் இந்தக் காற்றுக்கும் வறுத்த கடலைக்கும் எங்களிடம் ஒரே பெயர். இரண்டும் ஒரே சட்டியில் வறுபட்டவைதாம்.

இந்தக் காற்றில் புத்திசாலித்தனமாக மதியம் பன்னிரண்டரைக்குக் காத்தான்குடியில் ஓட்டோவை விட்டு இறங்கினேன். வெள்ளிக்கிழமை என்ற நினைவே இல்லை. ஜும்மாவுக்காகக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மூடப்பட்டன. துணிக்கடைக்காரர் ஒருவர் ஷட்டரைப் பாதி இறக்கியவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். உள்ளே போய் ஒரு கதிரையையும் தண்ணீர்ப் போத்தலையும் கொண்டுவந்து விறாந்தை நிழலில் வைத்தார். “இருங்கள் தம்பி, தொழுதுவிட்டு வந்துவிடுகிறேன்” என்று போய்விட்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வெறிச்சோடிய பிரதான வீதி. நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். கதிரையில் இருந்தபடியே பின்புல மங்கலைச் சோதித்தேன். தண்ணீர்ப் போத்தலில் ஃபோகஸ், பின்னால் பேரீச்சை ஓலை. ஓலை ஈட்டிகளைப்போல நீட்டிக்கொண்டிருப்பதால் பல லென்ஸ்களில் இந்தக் காட்சி இரட்டைக் கோடுகளாகக் கிழிந்து கண்ணை உறுத்தும். இதில் போத்தலுக்கு அரை மீட்டர் கிட்ட இருந்தபோது ஓலை முழுவதும் கரைந்து பச்சைப் புகையானது. போத்தலை மூன்று மீட்டருக்குத் தள்ளி வைத்ததும் ஓலை விளிம்புகள் லேசாக நடுங்கத் தொடங்கின. இலைகளுக்கிடையே வரும் வெளிச்சப் பொட்டுகள் நடுவில் வட்டம், ஓரத்தில் பூனைக்கண். எஃப் 2.8இல் ஓரத்துப் பூனைக்கண்ணும் ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. ஒன்பது இதழ்களின் தயவு.

அவர் திரும்பி வந்தபோது வீதியின் நடுவே என் போத்தல் தனியாக நின்றது. ஒன்றும் கேட்கவில்லை, பிளேன்டீ வரவழைத்தார்.

20 ஜூலை, சனி, போயா (முழுநிலா விடுமுறை) – கோட்டையும் பாலமும்

அன்று முழுக்க லென்ஸ்மேல் கோபமாக இருந்தேன். கடைசியில் தெரிந்த காரணத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணிக்குப் புளியந்தீவில், கோட்டைக்கு வெளியே வாவியோரம் நின்று மறுகரைத் தென்னைகளை எடுத்தேன். எஃப் 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையாக. எல்லாமே குழைந்த சோறு. ஓலை எது, வானம் எது என்று பிரியவில்லை. 58,000 ரூபாய் போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு கோட்டைச் சுவர். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி நெடுங்காலம் அதற்குள் இயங்கியது. எனக்கு அன்று வேண்டியது வரலாறு அல்ல, சொரசொரப்பான ஒரு பெரிய சுவர். நான்கு மீட்டர் தள்ளி நின்று நடுவில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். படத்தின் கீழ்மூலைகள் பரவாயில்லை. மேல்மூலைகள் மழுங்கல். கண்ணாடி ஒன்று உள்ளே சாய்ந்திருந்தால் இப்படித்தான் ஒரு பக்கம் மட்டும் மழுங்கும். விற்றவர் ஏன் அவ்வளவு தாராளமாகப் பேசினார் என்று இப்போது விளங்கியதாக நினைத்தேன்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. அதே இடத்தில் நின்று கமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுக்க வேண்டும். பிழை லென்ஸில் என்றால் மழுங்கல் கமராவோடு சேர்ந்து திரும்பி, சுவரின் கீழ்ப்பக்கத்துக்குப் போய்விடும். கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ஷட்டரைச் சின்னவிரலால் தேடிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த பள்ளிக்கூட வயதுப் பையன் கால் ஊன்றி நின்றான். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தான்.

“அண்ணன், கமரா தலைகீழாக இருக்கிறது.”

“தெரியும் தம்பி. சோதித்துப் பார்க்கிறேன்.”

“சரி அண்ணன்” என்றான், மிக மரியாதையாக. கொஞ்சத்தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான்.

படத்தைப் பெருக்கினேன். மழுங்கல் கமராவோடு திரும்பவில்லை. சுவரின் மேல்பக்கத்திலேயே நின்றது. அப்போதுதான் கமராவை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். கோட்டைச் சுவர் செங்குத்தாக இல்லை. அடி அகன்று, மேலே போகப்போக உள்ளே சாய்கிறது. மேல்பக்கம் என்னிடமிருந்து தள்ளி நிற்கிறது. எஃப் 2இல் அது ஃபோகஸுக்கு அப்பால் போய்விட்டது, அவ்வளவுதான். நானூறு வருடமாகச் சாய்ந்து நிற்கும் சுவர், நான்தான் கவனிக்கவில்லை. விற்றவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மறுகரைத் தென்னைகளின் கதையும் அப்படியே முடிந்தது. மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, காற்று அசையாத நேரத்தில், அதே இடத்திலிருந்து அதே மரங்களை எடுத்துப் பார்த்தேன். எஃப் 4இல் குரும்பை வரை எண்ணலாம். முந்தைய நாள் குழைந்தது வெப்பக் கானலால். தகிக்கும் காற்று வழியே அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் எடுத்த படத்தை வைத்து எந்த லென்ஸையும் குற்றம் சாட்ட முடியாது. இது தெரியாதவன் இல்லை நான். தெரிந்தும் செய்தேன், அதுதான் எரிச்சல்.

போயா என்பதால் இறைச்சிக்கடை பூட்டு. பெரியம்மா வீட்டு அண்ணன் எங்கோ போய் நண்டு வாங்கி வந்தார். நண்டுக்குழம்புக்குப் பிறகு எதையும் சோதிக்கும் நிலையில் நான் இல்லை.

இரவு கல்லடிப் பாலம். 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் போக, 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தில் ஊரே காற்று வாங்குகிறது. முழுநிலா. அண்ணன் மகளுக்கு ஏழு வயது. “சித்தப்பா, நான் ஓடுகிறேன், எடுங்கள்” என்று இரும்புத் தூண்களுக்கிடையே ஓடினாள். லென்ஸ் முன்னும் பின்னும் உழன்றதே தவிரப் பிடிக்கவில்லை. பத்துப் படம், பத்தும் மங்கல். “சித்தப்பாவுக்கு எடுக்கத் தெரியாது” என்று தகப்பனிடம் முறையிட்டாள். பார்த்தால் துவாரம் எஃப் 5.6இல் நிற்கிறது, காலைச் சோதனையின் மிச்சம். என் கமரா, எஃப் 5.6 வரை, நாம் வைத்த துவாரத்திலேயே ஃபோகஸைத் தேடும் ரகம். எஃப் 2இல் வரும் ஒளியில் எட்டில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, இருட்டில் ஓடும் பிள்ளையைப் பிடி என்றால் அது என்ன செய்யும்? எஃப் 2க்குத் திருப்பியதும் பத்தில் ஏழு சரியாக வந்தன.

தோணிக்காரர் ஒருவர் பாடும் மீனைக் கேட்கக் கூட்டிப்போவதாகச் சொன்னார். 2,000 ரூபாய். பாலத்தருகே நடு வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல்நுனியைக் காதில் வைக்கச் சொன்னார். ஏதோ ஒரு முனகல் கேட்டது. “கேட்கிறது!” என்றேன். அவரும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “இது பாலத்தில் போகும் பஸ். மீன் இப்படியா பாடும்?” என்றார். அரைமணி நேரம் காத்திருந்தோம். மீன்களுக்கு அன்று மனமில்லை. கரைக்கு வந்ததும் 500 ரூபாயைத் திருப்பித் தந்தார். “பாட்டு இல்லாமல் முழுக்காசு வாங்கக்கூடாது” என்றார்.

காத்திருந்த நேரத்தில் நிலாவெளிச்ச அலைகளை எடுக்க முயன்றேன். ஃபோகஸ் நிற்கவே இல்லை. கமராவைக் கால்வட்டம் திருப்பிச் செங்குத்தாகப் பிடித்ததும் உடனே நின்றது. சென்சாரில் உள்ள ஃபோகஸ் புள்ளிகளில் பெரும்பாலானவை நெடுக்குக் கோடுகளை மட்டுமே உணரும். கிடையாகக் கிடக்கும் அலை, தொடுவானம், மின்கம்பி எல்லாம் நமக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது. நிலாவைச் சட்டகத்துக்குள் வைத்தால் எதிர்மூலையில் பச்சையாக ஒரு குட்டி நிலா பிறக்கிறது. அதற்கு மருந்தில்லை. நிலாவைப் பாலத்தின் இரும்புக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

21 ஜூலை, ஞாயிறு – மருதமுனை

பஸ்ஸில் தெற்கே, அம்பாறை மாவட்டத்துக்குள். களுவாஞ்சிக்குடிவரை நின்றுகொண்டு, பிறகு இருந்துகொண்டு. மருதமுனைக் கைத்தறியைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். தறிக்கு முன்னால் நின்றது இதுதான் முதல் தடவை.

நெசவு செய்த காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஐம்பது வயதைத் தாண்டியவர். இடுப்பில் உடுக்கும் சாரம் (லுங்கி) நெய்துகொண்டிருந்தார். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் எந்தச் சோதனை அட்டையையும் தோற்கடிக்கும். நெருக்கமாக, நேராக, ஒரே தடிப்பில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. இம்முறை முதலில் தறியைத்தான் பார்த்தேன், அது என்னை நோக்கிச் சாய்கிறதா என்று. பிறகு மேலிருந்து நேராகப் பிடித்தேன். எஃப் 2இல் நடுப்பகுதி நூல்கள் பிரிந்து தெரிந்தன, ஆனால் மேலே மெல்லிய பால் பூசினாற்போல. ஓரங்கள் இளகியிருந்தன, மூலைகள் இருண்டும் இருந்தன. எஃப் 2.8இல் நடுப்பகுதி கத்தி. எஃப் 5.6இல் மூலைவரை நூல் பிசகவில்லை. எஃப் 16இல் மறுபடி எல்லாம் மழுங்கியது. துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளியே வளைந்து கலங்கும், எந்த விலை லென்ஸும் தப்பாது.

நெய்து முடித்த நீலச் சாரம் ஒன்றை எடுத்துத் திரையில் காட்டினேன். காக்கா கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் பார்த்தார்.

“இந்தப் பச்சையும் ரோஸும் நான் போடவில்லையே தம்பி.”

துணியின் மேல் வானவில் போல அலை அலையாக நிறம் ஓடியது. லென்ஸ் கூர்மையாக இருந்து, நூலின் இடைவெளி சென்சாரின் கட்டங்களோடு மோதினால் இல்லாத நிறம் இப்படிப் பிறக்கும். அதை மட்டுப்படுத்தும் வடிகட்டி என் கமராவில் இல்லை. விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் உங்கள் கமரா பொய் சொல்கிறது, என் சாயம் சரி” என்றார். ஓரடி பின்னால் போய் எடுத்ததும் நீலம் நீலமாகவே வந்தது. அதைக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். அதே நீலத்தில் ஒரு சாரம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். விலை கேட்டுக் குறைக்கும் துணிவு அப்போது எனக்கில்லை.

பின்னேரம் கல்லடியில் சட்டித் தயிர், 450 ரூபாய். எருமைத் தயிர், கரண்டியை நட்டால் நிற்கும். மேலே கித்துள் பனையின் பாணி. சாப்பிடுமுன் முப்பது சென்டிமீட்டரில் ஒரு சோதனை. அந்தத் தூரத்தில் எஃப் 2க்குக் கூர்மையின் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. ஆடையின் வெடிப்பில் ஃபோகஸ் வைத்தேன். வெடிப்புத் தெரிந்தது, அதைச் சுற்றித் தயிரின் வெண்மை மண்சட்டி விளிம்புக்கு வழிந்தது. கரண்டியின் பளபளப்பில் ஃபோகஸுக்கு முன்னால் ஊதா விளிம்பு, பின்னால் பச்சை விளிம்பு. எஃப் 4இல் இரண்டும் அடங்கிவிட்டன. கிட்டத்தில் முழுத்துவாரம் இந்த லென்ஸின் பலவீனம், சந்தேகமே இல்லை. பொருள்களை விற்பனைக்குப் படமெடுப்பவர் இதை வாங்கக்கூடாது.

பெரியம்மாவும் வந்து கதிரையில் அமர்ந்தார், தன்னை எடுக்கும்படி. எஃப் 4இல் ஒன்று, எஃப் 2இல் கிட்டப்போய் ஒன்று. கண்ணாடிச் சட்டத்தில் ஏமாறாமல் இரண்டிலும் ஃபோகஸ் கண்ணில் நின்றது, எனக்குப் பெருமை. முதலாவதைப் பார்த்துவிட்டு, “என் கழுத்துச் சுருக்கத்தை எண்ணிப் பார்க்கவா எடுத்தாய்?” என்றார். இரண்டாவதை வெகுநேரம் வைத்திருந்தார். தயிரில் வழிந்த அதே வெண்மை அவருடைய நரைமுடி ஓரத்திலும் வழிந்திருந்தது. “இதைப் பெரிதாக அடித்து அனுப்பு” என்றார்.

22 ஜூலை, திங்கள் – ரயிலில்

புணானைக்கு அப்பால் ரயில் ஐம்பது நிமிடம் நின்றது. யானை என்றார்கள். நான் காணவில்லை. லென்ஸ் விற்றவருக்குக் கைப்பேசியில், “வைத்துக்கொள்கிறேன்” என்று எழுதினேன். “சோதித்தீர்களா?” என்று கேட்டார். சோதித்தேன் என்றேன், சுவரைப் பற்றிச் சொல்லவில்லை.

ரயில் நின்ற இடத்திலேயே இறால் வடைக்காரர் வந்தார், அதே மனிதர். என்னை அடையாளம் கண்டு, “படம் எப்படி வந்தது தம்பி?” என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். கூடையைக் கீழே வைத்து, கையைச் சாரத்தில் துடைத்து, கமராவை வாங்கிக்கொண்டார். பொத்தானைக் காட்டிக் கொடுத்ததும் பெருக்கினார், இன்னும் பெருக்கினார், அங்குமிங்கும் நகர்த்தினார்.

“கணக்குத்தானே தெளிவாகத் தெரிகிறது. இறால் எங்கே?”

இறால் மங்கலாகத்தான் இருந்தது. நான்கு நாளாக நான் அந்தப் பக்கம் பெருக்கிப் பார்க்கவே இல்லை. அவர் கூடையிலிருந்து பெரிய இறாலாகப் பார்த்து ஒரு வடையை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.